அளக்குங் கருவியை அளத்தல்

கல்லூரித் தாய் விழாக் கொண்டாடும் இந்நன்னாளில் மலருக்கு ஒரு கட்டுரை வரைந்தனுப்புமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். தமிழ்ப் புலமையாலும் சமயத் தொண்டாலும் பெயர் பெற்ற பழைய மாணவர் பலர் இருக்க, மலைநாட்டுக் குளிரில் மின் கருவிகளைத் திறப்பதும் மூடுவதுமாகக் காலங்கழித்த எம்மிடத்து அவர்கள் எதனை எதிர்பார்த்தனரோ அறியோம். ஆயினும் தாயின் ஏவலைத் தட்டுதல் மைந்தர்க்கு அழகன்று. ஆதலின் யாம் அறிந்த தொழிலைப் பற்றியே எழுதத் துணிந்தோம். பழுதுபட்ட அளவைக் கருவிகளின் பழுதைத் தேடிக் கண்டு நீக்குவதே அத்தொழில். அதனினும் சுவையான பொருளை அன்பர்கள் வேறு பக்கங்களிற் காண்பர். அதனினும் எமக்குப் பயன்பட்ட பொருளை யாம் வேறெங்கும் கண்டிலோம்.

திம்புள்ள என்னும் பெயரை அன்பர்கள் தேயிலைப் பெட்டிகளின் மேற் கண்டிருப்பர். நுவரெலியா மாவட்டத்திலே தலவாக்கலை, கொட்டகலை, பத்தனை, அக்கரப்பத்தனை முதலிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் மலைச்சரிவுகளே இப்பகுதி. 1869 இல் இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளைப் பற்றத் தொடங்கிய பின்னர், கோப்பி நின்ற மலைகளிலெல்லாம் தேயிலை ஏறிற்று. தை முதல் பங்குனி வரை வறண்ட குளிர்காற்று வீசும். அப்பொழுது கொழுந்தின் மணம் சிறக்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற் பருவக்காற்று மழையை வாரிக் கொட்டும். தேயிலைக்கு இவ்விரு பருவங்களும் வேண்டும். எம்முடைய கருவிகளுக்கோ இரண்டும் பகை. வறண்ட காற்று நிலைமின்னைத் திரட்டி உணர்ச்சி மிக்க உறுப்புகளைச் சுடும். மழையோ இணைப்புகளுள் ஈரத்தைப் புகுத்திப் பச்சைக் களிம்பு ஏற்றும்.

இம்மலைகளுக்கும் மின்னியலுக்கும் உள்ள உறவு பழையது. இங்குள்ள அருவிகளின் வலுவைக்கொண்டு நாடு முழுவதற்கும் மின் வழங்கலாம் என்பதைப் பொறியியலாளர் விமலசுரேந்திர அவர்கள் 1918 இலேயே எடுத்துரைத்தார். 1950 இல் லக்சபான நிலையம் அதனை மெய்ப்பித்தது. தலவாக்கலையில் ஆற்றை மறித்தெழுந்த மேல்கொத்மலைத் திட்டம் 2012 முதல் 150 மெகாவாற்று வலுவைத் தந்து வருகின்றது. 1925 இல் கொழும்பில் வானொலி ஒலிக்கத் தொடங்கிற்று. 1982 இல் ரூபவாகினி தொடங்கியபோது பீதுருதாலகாலைச் சிகரம் ஒளிபரப்புக் கோபுரத்தைத் தாங்கிற்று. அதன்பின் கைத்தொலைபேசி வந்தது. குன்றுகள் தோறும் இரும்புக் கோபுரங்கள் எழுந்தன. தோட்டத்து லயங்களிலே கம்பித் தொலைபேசியைக் கண்டறியாத குடும்பங்கள் பல, இக்கோபுரங்களின் வாயிலாகவே முதன்முதல் வெளியுலகோடு பேசின. நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பிரசவ வேதனை கண்டால், 1990 என்னும் இலக்கத்தை அழுத்தி அம்புலன்சை அழைப்பதற்கும் இவையே துணை.

இக்கோபுரங்களின் நாடி பிடித்துப் பார்க்கும் மருத்துவக் கருவியே வலையமைப்புப் பகுப்பாய்வி. தொழிலாளர் அதனைச் சுருக்கமாக 'அனலைசர்' என்பர். இப்பெயர் முன்னர் வேறொரு பொருளைக் குறித்தது. 1929 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில், பெரிய மின்வழங்கல் அமைப்பு ஒன்றைச் சிறு உருவில் ஓர் அறைக்குள் அமைத்து ஆராய்ந்தனர்; அவ்வறை நிறைந்த அமைப்புக்கே அன்று அப்பெயர் வழங்கிற்று. யாம் கூறுவது உயர் மீடிறன் அலைகளை அளக்கும் பிற்காலக் கருவி. ஹியூலெற் பக்காட் நிறுவனம் 1967 இல் 8410 என்னும் கருவியையும், 1984 இல் 8510 என்பதனையும், 1986 இல் 8753 என்பதனையும் வெளியிட்டது. இருவர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்த பெட்டி, இக்காலத்தில் ஒரு கையால் ஏந்தத்தக்க அளவுக்குச் சுருங்கியுள்ளது. உள்ளே நிகழும் வேலை மட்டும் மாறவில்லை.

அவ்வேலை யாது? மலைநாட்டார்க்கு அதனை விளக்குதல் எளிது. பள்ளத்தாக்கின் ஒரு கரையில் நின்று ஒருவன் கூவினால் எதிர்மலை அக்குரலைத் திருப்பி அனுப்பும். எதிரொலி எவ்வளவு உரத்தது, எவ்வளவு தாமதித்தது என்பவற்றைக் கொண்டு எதிரே நிற்பது பாறையா காடா என்றும், எவ்வளவு தொலைவில் உள்ளது என்றும் உணரலாம். அனலைசர் ஒரு மின்னலையைக் கம்பி வடத்துள் அனுப்புகின்றது; தெறித்து மீண்ட அலையின் வீச்சத்தையும் அவத்தையையும் அளக்கின்றது; மீடிறனைப் படிப்படியாக உயர்த்தி ஒவ்வொரு படியிலும் அவ்வளவீட்டைத் திரும்பச் செய்கின்றது. முடிவை வரைகோடாகத் திரையிற் காட்டும். வேண்டின் பிலிப் சிமித் என்பார் 1939 இல் வெளியிட்ட வட்டப் படத்திலும் காட்டும். தெறிப்பு இழப்பினை டெசிபெல்லில் உரைப்பர். 20 டெசிபெல் எனின் சென்ற வலுவில் நூற்றிலொரு பங்கு மீண்டது என்பது பொருள். 10 எனின் பத்திலொரு பங்கு. எண் பெரிதாயின் அலை நன்றாக வானிற் செல்கின்றது. எண் சிறிதாயின் வழியில் எங்கோ தடை உண்டு.

இத்தகைய கருவி பழுதுபட்டால் அதனை ஆராயும் முறையை மாணவர் பொருட்டுச் சிறிது விரித்துரைப்போம். முதற்கண் மூடியைத் திறவாதிருத்தல் வேண்டும். கண்ணும் மூக்கும் காதும் செய்யத்தக்க வேலையை அவை முன்னதாகச் செய்யட்டும். விசிறி சுழலுகின்றதா, காற்றுப்புகு வழியில் தூசி அடைத்துள்ளதா, கருகிய மணம் உண்டா, இணைப்பியின் நடு ஊசி நேராக நிற்கின்றதா என்பன முதலிற் பார்க்கத்தக்கன. அடுத்து, கருவியை இயக்கி அரைமணி நேரமாயினும் சூடேற விடுதல் வேண்டும். திம்புள்ளவின் காலைக் குளிரில், சூடேறாத கருவி கூறும் எண்ணை நம்பித் தொழில் செய்தல் தூக்கங் கலையாதவனிடம் வழி கேட்டல் போலாம்.

அதன்பின்னரே உள்ளே செல்லுதல் முறை. உள்ளே முதலில் வினவ வேண்டியது மின்வழங்கியை. அழுத்தங்கள் ஒவ்வொன்றும் குறித்த அளவில் நிற்கின்றனவா? பழைய கருவிகளில் மின்பகு கொள்ளளவிகள் உலர்ந்துபோக, நேரோட்டத்தின் மேல் அதிர்வு ஏறி நிற்கும். அவ்வொரு குற்றம் பத்துக் குற்றங்களாக வேடமிட்டுத் திரையில் ஆடும். சிறு இலிதியம் மின்கலம் ஒன்று நினைவகத்தைக் காத்து நிற்கும். அது தீர்ந்தால் தொழிற்சாலையிற் பதித்த திருத்த எண்கள் அழிந்துபோம். அவத்தைப் பூட்டு இழந்தது என்று கருவி முறையிடுமாயின், அலைபிறப்பி பளிங்கின் துடிப்போடு இசைந்து நிற்கவில்லை என்று கொள்க. அலைபிறப்பி, அலைபிரிப்பி, ஏற்பி, எண்ணாக்கி, திரை எனச் சங்கிலியாய் உறுப்புகள் தொடர்ந்து நிற்கும். ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாய்ச் சோதிப்பவன் பொழுதை இழப்பான். நடுவில் ஓரிடத்திற் சோதித்தால் பாதிச் சங்கிலி குற்றமற்றது எனத் தெளியலாம். மீதிப் பாதியை மறுபடியும் பாதியாக்கலாம். பதினாறு உறுப்புகளுள் ஒன்று பழுதெனின் நான்கு சோதனைகளில் அது அகப்படும்.

இவ்வளவும் கூறியபின் ஓர் உண்மையை அழுத்திக் கூறல் வேண்டும். எம்மிடம் வந்த கருவிகளிற் பெரும்பாலானவற்றின் நோய் பெட்டிக்கு உள்ளே இருந்ததில்லை. அது பெட்டியின் வாயிலில், விரற்கடை அளவான இணைப்பியிலும் அதனோடு செல்லும் சோதனை வடத்திலுமே இருந்தது. அளவுக்கு மிஞ்சி முறுக்கிய கைகளும், ஆற்றல் போதாதென அரைகுறையாய் முறுக்கிய கைகளும் அதற்குக் காரணம். ஆதலினாலேயே இவ்விணைப்பிகளுக்கென அளந்து முறுக்கும் திறப்பான்கள் உள்ளன.

எம் காலத்துப் பௌதிக ஆய்வுகூடத்தில் வேணியர் இடுக்கியைக் கையில் எடுத்த மாணவன் முதலில் அதன் தாடைகளை மூடிப் பூச்சிய வழுவைக் குறித்தல் வேண்டும். குறியாதவனுடைய விடை எத்துணைச் சரியாயிருப்பினும் ஆசிரியர் அதற்குப் புள்ளி இடார். அக்காலத்தில் அது கொடுமையெனத் தோன்றிற்று. அனலைசருக்கும் அதே சடங்கு உண்டு. வடத்தின் முனையைத் திறந்து வைத்து ஒரு முறையும், குறுஞ்சுற்றாக்கி ஒரு முறையும், 50 ஓம் நியமத்தடை பூட்டி ஒரு முறையும் அளந்து, கருவி தன் வழுக்களைத் தானே கணித்துக் கழித்துக்கொள்ளும். திறந்த முனையும் குறுஞ்சுற்றும் அலையை முழுமையாகத் திருப்பும். நியமத்தடை ஏறக்குறைய முழுவதையும் விழுங்கும். இம்மூன்றும் கருவியின் மனச்சாட்சி எனலாம். ஆயின், வழுவைக் கழித்த பின்னர் வடம் மாறிப்போனால் கருவி அதனை அறியாது. மாறாத வடத்தையே நினைந்து பிழையான எண்ணைத் தயங்காது கூறும்.

இதனை விளக்க ஒரு நிகழ்ச்சியை உரைப்போம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், திம்புள்ளப் பகுதிக் கோபுரம் ஒன்றின் ஒரு பக்கத்து அலைவாங்கி மாத்திரம் சோர்ந்துபோயிற்று. அப்பக்கத்துச் சரிவில் இருந்த லயங்களுக்குத் தொலைபேசி எட்டவில்லை. இரண்டு நாட்களாக மழை விடவில்லை. மண் சரியுமோ என்னும் அச்சமும் நிலவிற்று. அந்நேரத்தில் அழைப்பதற்கு வழியின்றி இருத்தல் எத்துணை இடர் என்பதை மலைநாட்டார் அறிவர். யாம் சென்று சேர்ந்தபோது மாலை நான்கு மணி. எம்மோடு வந்தவன் கோபுரம் ஏறும் இளைஞன்; அருகிலுள்ள தோட்டத்து லயத்திற் பிறந்தவன்; தேயிலை மலையிற் கொழுந்து கிள்ளும் ஒரு தாயின் மகன். உதவிப் பணியாளர் அளவுத்திருத்தம் செய்து, அடிவாரத்திலே கோபுர வடத்தோடு கருவியை இணைத்து அளந்தார். மிக மோசமான இடத்தில் 9 டெசிபெல் என்று திரை காட்டிற்று. எட்டிலொரு பங்கு வலு திரும்பி வருகின்றது என்பது அதன் பொருள்.

மேலதிகாரியிடம் தொலைபேசியில் இவ்வெண்ணைக் கூறினோம். உச்சியிலுள்ள சிறு வடமே கெட்டிருக்கும். இருட்டுமுன் ஆளை ஏற்றி மாற்றுக என்றார் அவர். அவர் கூற்று நியாயமற்றதன்று. லயங்களில் உள்ளோர் இன்னோர் இரவும் துணையின்றி இருத்தல் கூடாது என்பதே அவர் கவலை. இளைஞனும் இடுப்பு வாரைக் கட்டிவிட்டான். "ஐயா, நான் ஏறி மாத்திட்டு வந்திடுறேன். பொழுது சாஞ்சா ஏற ஏலாது," என்றான். மூடுபனி கோபுரத்தின் அரைப் பாகத்தை மறைத்திருந்தது. காற்றில் இரும்புச் சட்டம் முனகும் ஒலி கீழே எமக்குக் கேட்டது. "பொறு தம்பி, கால் மணி நேரம் பொறு," என்றோம்.

திரையை மறுபடி நோக்கினோம். 800 முதல் 1000 மெகாஹேட்ஸ் வரையுள்ள அகலத்தில் வரைகோடு பெரிய மேடுகளாக நான்கு முறை எழுந்து தாழ்ந்தது. ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறக்குறைய 50 மெகாஹேட்ஸ். அலை தெறிக்கும் இடங்கள் இரண்டாயின், இரு தெறிப்புகளும் ஒரு மீடிறனிற் கூடியும் மற்றொன்றிற் குறைந்தும் இவ்வாறு மேடுபள்ளம் உண்டாக்கும். இடைவெளி அகன்றிருந்தால் அவ்விரு இடங்களும் அண்மையன, நெருங்கியிருந்தால் சேய்மையன. கோபுர வடத்தின் நீளம் 40 மீற்றர். அதனுள் அலை, ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு 88 பங்கு வேகத்திற் செல்லும். அதன் இரு முனைகளும் தெறித்தால் மேடுகள் ஏறக்குறைய 3 மெகாஹேட்ஸ் இடைவெளியில் வருதல் வேண்டும். அத்தகைய சிற்றலைகளும் இருந்தன. ஆனால் அவை ஆழமற்றவை. பெரிய மேடுகளின் கணக்கு வேறு. பொலித்தீன் நிரம்பிய வடத்தில் வேகம் நூற்றுக்கு 66 பங்கு. அதன்படி 50 மெகாஹேட்ஸ் இடைவெளி 2 மீற்றரைக் குறிக்கும்.

உச்சியிலுள்ள சிறு வடத்தின் நீளம் 2 மீற்றர். ஆதலின் மேலதிகாரியின் கூற்று மெய்யாயிருக்கலாம். ஆயின் எம் கையிலிருந்த சோதனை வடத்தின் நீளமும் 2 மீற்றரே! கணக்கு இருவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிற்று. தீர்ப்புக் கூற அதனால் இயலவில்லை. ஒருவரை விசாரிக்க 40 மீற்றர் உயரத்துக்கு ஒரு மகனை அனுப்புதல் வேண்டும். மற்றவரை விசாரிக்க நியமத்தடை ஒன்றை எடுத்துப் பூட்டினாற் போதும். எதனை முதலிற் செய்தல் தகும் என்று அறிய விஞ்ஞானம் வேண்டியதில்லை.

கோபுர வடத்தைக் கழற்றிவிட்டு எம் வடத்தின் முனையில் 50 ஓம் நியமத்தடையைப் பூட்டினோம். கருவி நலமாயிருப்பின் வரைகோடு 40 டெசிபெல்லுக்கும் கீழே ஆழ்ந்து கிடத்தல் வேண்டும். அஃது 12 இல் நின்றது. கருவியின் அருகே வடத்தை மெல்ல வளைத்தோம், வரைகோடு துள்ளிற்று. உறையை நீக்கிப் பார்த்தபோது வெளிக்கடத்தியான பின்னற் கம்பி இணைப்பியின் கழுத்தில் அறுந்து, ஒரு சில இழைகளில் தொங்கி நின்றது. காலையில் அளவுத்திருத்தம் செய்தபோது ஒட்டியிருந்த இழைகள், மலைப்பாதையில் வாகனம் குலுங்கி வந்தபோது விட்டுப்போயின. மாற்று வடத்தைப் பூட்டி, மூன்று நியமங்களையும் மறுபடி அளந்து, கோபுர வடத்தை இணைத்தோம். 19 டெசிபெல்! எண்பதில் ஒரு பங்கே திரும்பிற்று. நாற்பது மீற்றர் உயரத்தில் எவ்விதக் குற்றமும் இல்லை.

அவ்வாறாயின் அலைவாங்கி சோர்ந்தது எதனால்? கோபுரத்திற் குற்றமில்லை எனத் தெளிந்தபின் தேட வேண்டிய பரப்புக் குறுகிற்று. அறைக்குள், பெட்டியையும் பெருவடத்தையும் இணைக்கும் குறுவடம் ஒன்று மிஞ்சி நின்றது. சுவர்த் துளையின் அருகே கூரை ஒழுக்கு அதன் இணைப்பியின் மேற் சொட்டியிருந்தது. கழற்றியபோது உள்ளே பச்சைக் களிம்பு. பொலித்தீனின் மின்கோடுபுகு தன்மை 2 க்குச் சற்று மேல். நீருக்கோ ஏறக்குறைய 80. இரு துளி நீர் ஒரு சரிவு முழுவதையும் ஊமையாக்கப் போதுமானது. குறுவடத்தை மாற்றி, ஒழுக்கை அடைத்து முடித்தபோது மணி ஆறரை. இளைஞன் தன் தொலைபேசியில் வீட்டை அழைத்தான். "அம்மா, வேல முடிஞ்சிருச்சி. வாறேன்," என்ற அவ்வளவே கேட்டது. கட்டியிருந்த இடுப்பு வாரை அவிழ்த்துச் சுருட்டி வைத்தான். மேலதிகாரியும் செய்தி கேட்டு மகிழ்ந்தார். அன்று முதல், கோபுரம் ஏறுமுன் நியமத்தடைச் சோதனை நடைபெறல் வேண்டும் என்று தம் பிரிவினர்க்கு எழுத்தில் ஆணையிட்டார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் எனப் பழமொழி நகைக்கும். ஆயினும் கூடம் மெய்யாகவே கோணியிருப்பதும் உண்டு. இரண்டில் எது என்று தேர்வதற்கு ஒரு குண்டுநூல் வேண்டும். அக்குண்டுநூல் நேரானதா என்றும் பார்த்தல் வேண்டும். அளவைக் கருவி கூறும் எண் திரையில் ஒளிர்வதனால் மாத்திரம் உண்மையாகிவிடாது. அவ்வெண்ணை நம்பி யாரை ஏறச் சொல்லுகின்றோம், யாரைக் குற்றங் கூறுகின்றோம் என்பதை எண்ணுந்தோறும், எம் கோலை முதலிற் சோதித்தல் கடனாகின்றது. பழி சுமத்த எளியோன் ஒருவன் எப்பொழுதும் அருகில் நிற்பான். மலைநாட்டிலே அவ்வெளியோன் பெரும்பாலும் லயத்துப் பிள்ளையாயிருத்தலை யாம் பன்முறை கண்டுள்ளோம். கருவி பிழைத்தால் இழப்பது பொழுது. அதன் பிழையை ஒரு மனிதன் தலையில் ஏற்றினால் இழப்பது வேறு.

இப்பொழுது பயிலும் மாணவர்க்கு ஒரு வார்த்தை. இக்காலத்துக் கருவிகள் விரைவாகக் கணிக்கின்றன, அழகாகவும் காட்டுகின்றன. விடையைப் பெறுதல் எளிதாயிற்று. விடையை ஐயுறுதல் அரிதாயிற்று. ஆய்வுகூடத்திலே பூச்சிய வழுவைக் குறிக்கும் அவ்வொரு நிமிடத்தை வீணென எண்ணாதீர். நாளை நீவிர் மருத்துவராய் ஒரு குருதிச் சோதனை முடிவை வாசிக்கலாம். நீதிபதியாய் ஒரு சாட்சியைக் கேட்கலாம். ஆசிரியராய் ஒரு சிறுவனின் விடைத்தாளைத் திருத்தலாம். எங்கும் உம் கையில் ஒரு கோல் இருக்கும். எதிரில் ஓர் உயிர் இருக்கும். கோலை முதலிற் பாருங்கள்.

எமக்கு எழுத்தறிவித்து, அளக்கவும் ஐயுறவும் கற்பித்த ஆசிரியப் பெருமக்களை இவ்விழா நாளில் வணங்குகின்றோம். அவர்தம் மாணவர் நாட்டின் எல்லா மூலைகளிலும், மழை பெய்யும் குன்றுகளிலும், தத்தம் தொழிலை நேர்மையோடு ஆற்றுவாராக. கல்லூரித் தாய் நீடு வாழ்க!

— பழைய மாணவன், திம்புள்ள